ஆற்றங்கரை வயலுக்காக

இன்றைக்கு வெம்பிளிக் கடையில் வாசத்துக்குச் சோற்றில் போடுகிற ரம்பை இலை வந்திருந்தது. ஐஸ் பெட்டிக்குள் விறைத்துக் கிடக்கிற ரம்பை இல்லை, பச்சையாக ஈரக் கடதாசியில் சுற்றினது. ஒரு இலையை நுனியில் கிள்ளி மூக்கில் வைத்தேன். உம்மோடு சண்டை பிடித்த நாள் அப்படியே வந்து நின்றது. கடைக்காரர், "அம்மா, கிள்ளாதேங்கோ, வாங்கிறதெண்டா வாங்குங்கோ" என்றார். அவர் போன தைப்பொங்கலுக்கு எனக்குப் பழைய பயறு தந்தவர். அதையும் நான் மறக்கவில்லை.

இதே கடையில்தான் அன்றைக்கு மிஞ்சிக் கிடந்த ஒரே ரம்பைக் கட்டை எனக்கு முன்னால் நீர் தூக்கினீர். தலையில் முக்காடு, வட்ட முகம், சின்னக் கண். எங்கட ஆள் இல்லை என்று தெரிந்தது. தமிழ் விளங்காது என்ற துணிவில், "இதுகளுக்கு ரம்பை என்னத்துக்கு?" என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். நீர் திரும்பினீர்.

"சோத்துக்குத்தான் அக்கா. பாதி உங்களுக்கு, பாதி எனக்குலா."

யாழ்ப்பாணத் தமிழுக்கு வாலில் ஒரு 'லா'. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிறகு பஸ் தரிப்பில் இருந்து கதைத்தபோதுதான் விளங்கியது. சுமத்திராவில் பிறந்து, மலேசியாவுக்கு வேலைக்குப் போய், அங்கே யாழ்ப்பாணத்து ஆட்கள் வீட்டில் சமைத்துப் பழகின தமிழ் அது. அந்த வீட்டு அம்மாவை மகள் கௌரி லண்டனுக்குக் கூப்பிட்டபோது, பார்த்துக்கொள்ள நீரும் கூட வந்தீர். அம்மா கண்ணை மூடின பிறகும் கௌரி உம்மை விடவில்லை. அவள் வேலைக்குப் போக, வீடு முழுக்க உம்முடைய கையில்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் என்னுடைய குசினிக்கு வரத் தொடங்கினீர். மற்ற நாளில் எங்கள் வீட்டு இறைச்சி ஹலால் இல்லை, உமக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை நான் மரக்கறி என்பதால் இரண்டு பேருக்கும் வசதி. நீர் தேங்காய்ப்பால் பிழிவீர், நான் வெங்காயம் உரிப்பேன். நான் என்னுடைய ஊரைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் ஆரையாவது திட்ட வேண்டி வரும். நீர்தான் சொல்வீர்.

உம்முடைய ஊருக்குப் பெரிய றோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிறகு நாள் பொழுதெல்லாம் நடக்க வேண்டும் என்றீர். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு, ஆற்றைக் கடக்கக் கம்பியில் தொங்குகிற பாலம். பாலத்தில் எருமை ஏறாது, அது நீந்தித்தான் வர வேண்டும். மலையில் மழை பெய்தால் ஆறு தேத்தண்ணி நிறமாகும், அன்றைக்கு ஒருவரும் பாலத்தில் கால் வைக்கமாட்டார்கள். வயல்கள் படிப்படியாக ஆற்றுக்கு இறங்கும். மேல் வயல்காரர் மூங்கிலைத் திருப்பினால்தான் கீழ் வயலுக்குத் தண்ணி. நாற்று வளருகிற காலத்தில் அதே தண்ணியில் மீன் விடுவீர்கள். கதிர் முற்றினதும் பெண்கள் மட்டும் இறங்குவீர்கள். உள்ளங்கைக்குள் மறைகிற சின்னக் கத்தி, விரலுக்கு இடையில் பிடித்து, ஒவ்வொரு கதிராகக் கொய்ய வேண்டும். நெல் கத்தியைக் கண்டால் பயந்து அடுத்த போகம் வராதாம்.

"எங்கட ஆக்கள் அரிவாளால பிடிபிடியா அறுப்பினம். உங்கட நெல்லுக்கு மட்டும் என்ன அவ்வளவு பயம்?" என்று கேட்டேன்.

"உங்கட நெல்லு உங்களை மாதிரிலா அக்கா. ஒண்டுக்கும் பயப்பிடாது."

சிரித்துச் சிரித்து வெங்காயக் கத்தியால் கையை வெட்டிக்கொண்டேன்.

உங்கள் ஊரில் வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும் என்றீர். எங்களுக்கும் சீதனக் காணி அப்படித்தானே என்றேன். ஆனால் உங்கள் சங்கதி இன்னும் ஒரு படி மேல். ஆம்பிளைப் பிள்ளை விபரம் தெரிந்ததும் தாய் வீட்டில் அவனுக்கு அறை இல்லை, தொழுகிற இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். கலியாணம் கட்டினால் மனைவி வீட்டில் விருந்தாளி. "அப்ப என்ர மனிசன் அங்க பிறந்திருந்தா றோட்டிலதான் கிடந்திருப்பார்" என்றேன். உம்முடைய மனிசன் அப்படித்தான், வியாபாரத்துக்கென்று போனவர் திரும்பி வரவில்லை. நீர் அதைச் சொல்லும்போது முகம் கோணவில்லை. வயல் இருந்தது, அதனால் பயப்படவில்லை என்றீர். வயலைத் தங்கச்சியின் கையில் விட்டுவிட்டு மலேசியாவுக்குப் போனீர். பெண்களில் மூத்தவள் என்றபடியால் அது உம்முடைய பெயரில்தான் நின்றது.

என்னிடம் அப்படி ஒன்று இல்லை. கிணற்றோடு என்னுடைய சீதனக் காணி இருந்தது. என்னுடைய அண்ணை நல்ல வார்த்தை சொல்லிக் கையெழுத்து வாங்கி, ஆருக்கோ எழுதிவிட்டார். அவர் இப்போது இதே லண்டனில், செவன் கிங்ஸில் பெரிய வீட்டில் இருக்கிறார். அவருடைய மகளின் கலியாணத்துக்கும் நான் போகவில்லை. நீர் மட்டும், "விடுங்கோ அக்கா, அண்ணன்தானே" என்பீர். உமக்கு ஒன்றையும் நெஞ்சில் வைத்திருக்கத் தெரியாது. அதுதான் உம்மில் எனக்குப் பிடிக்காத ஒரே குணம்.

பிறகு நோய் வந்தது. ஈரலில் என்றார்கள். வெட்ட ஏலாது என்றார்கள். கௌரி நல்ல பிள்ளை, வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடினாள். நான் இரண்டு பஸ் மாறிக் கஞ்சி கொண்டுவருவேன்.

அந்த நாட்களில் உம்முடைய அண்ணன் அடிக்கடி போன் எடுத்தார். நான் பக்கத்தில் இருக்கும்போதே எடுப்பார். வா, வா என்று மன்றாடுகிறார் என்பது பாஷை தெரியாத எனக்கே கேட்டது. "என்ன சொல்லுறார்?" என்றேன். "ஊருக்கு வரட்டாம். அம்மாவின்ர வீட்டில கண்ணை மூடட்டாம்" என்றீர். எனக்கு நெஞ்சு எரிந்தது. என்னுடைய அண்ணை என்னை ஒரு நேரச் சோற்றுக்குக் கூப்பிட்டதில்லை.

"போமன். கூப்பிட ஒரு சகோதரம் இருக்கிறது லேசே?"

நீர் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தீர். பிறகு சொன்னீர்.

"அண்ணன் என்னைக் கூப்பிடேல்லை அக்கா. பிணத்தைக் கூப்பிடுறார்."

அன்றைக்குத்தான் அந்த வழக்கத்தை எனக்கு விளக்கினீர். தாய்வழி வயலை விற்கவே கூடாது. அடகு வைக்கலாம், அதுவும் நாலே காரணத்துக்கு. பெரிய வீடு உடைந்து விழுந்தால். குமர்ப்பெண் ஒன்று கலியாணம் கட்டாமல் வயது ஏறினால். குடும்பத்துத் தலைவருக்குப் பட்டம் சூட்ட வேண்டி வந்தால். பிணம் ஒன்று வீட்டுக்குள் கிடந்தால், அடக்கச் செலவுக்கு. இந்த நாலில் ஒன்று வந்துவிட்டால் குடும்பத்துப் பெண்கள் ஒருவரும் மறித்துப் பேச முடியாது.

"வீட்டுக்குப் புதுக் கூரை போட்டாச்சு. தங்கச்சியின்ர மகள் சின்னப் பெட்டை. பட்டம் அண்ணனிட்டத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, உம்முடைய நெஞ்சைத் தொட்டுக் காட்டினீர். "மிச்சம் நான்தான்லா அக்கா."

ஆற்றோரமாகப் புது றோட்டு வரப்போகிறது என்றீர். வயலைப் பிடிக்க ஒரு வியாபாரி அலைகிறான். அடகு என்று போனால் அது திரும்பி வராது, மண்ணைக் கொட்டி நிரப்பிக் கடை கட்டிவிடுவான். உம்முடைய தங்கச்சியும் அவளுடைய மகளும் அந்தப் பள்ளத்தாக்கில் சாப்பிடுவதே அந்த ஒரு வயலால்.

"செத்தா என்னை இங்கேயே மண்ணில தாழ்க்கச் சொல்லுங்கோ அக்கா."

"கௌரியிட்டச் சொல்லுமன்."

"எப்பிடிச் சொல்லுறது? அவ நல்லதுதான் செய்யப் பாக்கிறா. அதோட, அந்த வீட்டில என்ர அண்ணனைப் பற்றிக் கூடாமச் சொல்ல எனக்கு வெக்கம்."

ஓம் என்றேன்.

நீர் போனது மழை தூறின ஒரு காலையில். நான் வந்து சேர முகத்தை மூடியிருந்தார்கள். கௌரி கண் வீங்கி ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றாள். கையில் போன்.

"ஆன்ரி, எல்லாம் கதைச்சிட்டன். ஊருக்கே அனுப்புறம். செலவு முழுக்க நாங்கள். அம்மாவைப் பாத்தவ, இதுகூடச் செய்யாட்டி எப்பிடி?"

"அனுப்பாதையும் பிள்ளை."

"என்ன?"

"இங்கேயே தாழ்க்கச் சொன்னவ. எனக்குச் சொன்னவ."

கௌரிக்குக் கோபம் வந்தது. பெரிய படிப்புப் படித்த பிள்ளை, கோபத்திலும் சத்தம் போடவில்லை. "அவ எங்களோட இவ்வளவு காலம் இருந்தவ. எனக்குச் சொல்லாததை உங்களுக்கு ஏன் சொல்லப் போறா? குறை நினைக்காதேங்கோ ஆன்ரி, இதில கதைக்க உங்களுக்கு என்ன உரிமை?"

அந்த வார்த்தை இன்னும் இங்கே நிற்கிறது. உரிமை ஒன்றும் இல்லைதான். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. நீர் சொன்னதை நீர் சொன்ன மாதிரியே, வார்த்தை பிசகாமல் சொன்னேன். கூரையை, சின்னப் பெட்டையை, பட்டத்தை, மிச்சம் நான்தான் என்றதை, உம்முடைய 'லா'வோடு சேர்த்துச் சொன்னேன். பிணம் வீட்டுக்குள்ளே போனால் வயல் வெளியே போகும் பிள்ளை என்றேன். கௌரி நம்பவில்லை. "அப்பிடி ஒரு சட்டம் இருக்குமே? அண்ணன் போனில எவ்வளவு அழுதவர் தெரியுமே?" என்றாள்.

"அழுதவரை விடும். தங்கச்சியைக் கேளும். உமக்குத்தான் மலாய் தெரியுமே, அது அவவுக்கும் விளங்கும்."

ஆஸ்பத்திரி வாசலில் நின்று, கௌரி போன் கார்ட்டைச் சுரண்டினாள். எங்களுக்கு மத்தியானம், அங்கே பொழுது படுகிற நேரம். மேட்டில் ஏறினால்தான் சிக்னல் பிடிக்கும் என்று நீர் சொல்லியிருந்தீர். இரண்டு மூன்று முறை அறுந்து, பிறகு பிடித்தது. கௌரி நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். எனக்கு அவர்கள் கதைத்ததில் ஒரே ஒரு சொல்தான் விளங்கியது. உனி. உங்கள் பாஷையில் அக்கா. உம்முடைய தங்கச்சி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். கௌரியின் முகம் மெல்ல மாறியது.

"என்ன சொல்லுறா பிள்ளை?"

"அண்ணன் வீட்டு முத்தத்தில பந்தல் போட்டிட்டாராம். அந்த வியாபாரி அதுக்குள்ள வந்து முன்வீட்டில இருக்கிறானாம்."

"தங்கச்சி என்ன சொல்லுறா?"

கௌரி போனைக் காதுக்குக் கிட்டப் பிடித்து இன்னொரு தரம் கேட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அக்காவை அனுப்பாதேங்கோவாம். கும்பிட்டுக் கேக்கிறாவாம்."

உம்மைக் கட்டிப்பிடித்து அழ ஆசைப்பட்ட ஒருத்தி, கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கவும் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு அப்படிச் சொன்னாள். என்னுடைய வாழ்நாளில் அதற்கு நிகரான ஒரு பேச்சை நான் கேட்கவில்லை.

இல்ஃபோர்ட் பக்கத்து மையவாடியில் உம்மை அடக்கினார்கள். பள்ளிவாசல் ஆட்கள் எல்லாம் முறையாகச் செய்தார்கள். பெண்கள் கிட்டப் போகிற வழக்கம் இல்லை என்றபடியால் நானும் கௌரியும் கேற்றடியில் ஒரு குடைக்குள் நின்றோம். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அதை மறக்கவில்லை. ஆனால் குடையை என் பக்கமாகச் சரித்துப் பிடித்து, தான் முழுக்க நனைந்தாள்.

வியாபாரி எழும்பிப் போய்விட்டானாம். தங்கச்சி இரண்டு போகம் எடுத்துவிட்டாள். இப்போது ஆற்றோரம் றோட்டு வந்திருக்கிறது, உம்முடைய வயல் மட்டும் பச்சையாக நடுவில் நிற்கிறதாம். இதெல்லாம் கௌரி போன் எடுத்துச் சொல்வாள்.

போன கிழமையும் எடுத்தாள். உம்முடைய அண்ணன் கதைத்தாராம்.

"நல்லா அழுதவர் ஆன்ரி. தங்கச்சியின்ர முகம் பாக்கக் கிடைக்கேல்லை எண்டு. அவவை அடக்கின இடத்தில ஒரு பிடி மண் அள்ளி அனுப்பச் சொல்லிக் கேக்கிறார். தாயை அடக்கின கபுறுக்குப் பக்கத்தில வைக்கப் போறாராம். பாவமாக் கிடக்கு. பாசலில போடட்டே?"

"மண் வீட்டுக்குள்ள வந்தா பிணம் வந்த கணக்கா, இல்லையா?"

"அது எனக்குத் தெரியாது ஆன்ரி. மண் எப்பிடிப் பிணம் ஆகும்?"

"தெரியாதெண்டபடியாத்தான் அனுப்பக் கூடாது" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அவர் அழுதது பொய் என்று நான் சொல்லவில்லை. கூடப் பிறந்தவர், உண்மையாகவும் இருக்கலாம். அழட்டும். உம்முடைய தங்கச்சியின் மகள் வளர்ந்து, கலியாணம் கட்டி, இந்த வயல் இவளுடையது என்று ஊர் வாயால் சொல்லும்வரைக்கும் இங்கிருந்து ஒரு பிடி மண்ணும் போகாது. அதுவரை இந்தக் கோபத்தை நான் ஆறவிடப் போவதில்லை. நீர் இருந்திருந்தால் இரக்கப்பட்டு அனுப்பச் சொல்லியிருப்பீர். உமக்கே அது தெரியும். அதனால்தான் கௌரியிடம் சொல்லாமல் என்னிடம் சொல்லிவிட்டுப் போனீர் என்று இப்போது நினைக்கிறேன்.