மாப்பிள்ளை சமைத்த கோழி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முட்டி வீக்கம் வடிந்துவிட்டது, மாடிப்படி ஏறுகிறேன். வயிறுதான் இன்னும் கடமுடா என்கிறது. நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

முட்டியைக் காட்டப் போனால் டாக்டர் வயிற்றையே விசாரித்தார். "போன மாசம் பேதி ஆச்சா? குடல்ல தொற்று வந்தா சிலருக்கு அப்புறம் மூட்டு வீங்கும். எங்க சாப்பிட்டீங்க?"

என் மகள் பக்கத்திலேயே நின்றாள். "பஸ் ஸ்டாண்டு கடையில," என்றேன். பாவம், அந்தக் கடைக்காரனை அவள் இன்னும் கரித்துக்கொட்டுகிறாள்.

உங்கள் வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று வீம்பாக இருந்தவன் நான். வந்த அன்று அவள் வேலைக்குப் போயிருந்தாள். நீங்களே கோழி சமைத்துப் பரிமாறினீர்கள். நானும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறேன். சமையல் நீங்கள்தான். கோழி மட்டும் இன்னும் கொஞ்சம் வேகட்டும்.

உங்கள் மாமா