எல்லை கேட்காமல் எழுதியவருக்கு

என் அன்புத் துணைவரே,

கேளுங்கள்! கை முறிந்த பெண்ணொருத்தி இரண்டு நாள் மலையிறங்கி நடந்து, நேற்று உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தாள். "உங்க ஊரு எங்க எல்லையில வராதும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே ஆய்வாளர் நீங்கள்! நான்தான் அவளை நம் வீட்டுக்கு அழைத்து வந்தேன். எட்டு மாதமாக நீங்கள் படுக்காத கட்டிலில் இப்போது அவள் படுத்திருக்கிறாள். கையை முறித்த கணவன் அவளைத் தெருத்தெருவாகத் தேடுகிறான்.

அவளுடைய அதே மலையூரில் மேடையேறி, ஊருக்குக் காவல் நிலையம் வேண்டுமென்று நான் முழங்கிய நாள் நினைவிருக்கிறதா? என்னைக் கைது செய்ய வந்த இளங்காவலர் நீங்கள்.

"இறங்குங்கம்மா, தொண்டை கட்டிக்கப் போகுது."

"இந்த ஊர்க்காரங்க புகாரை எழுதுங்க, இறங்குறேன்."

"எழுதுறேன் தாயே! முதல்ல தண்ணி குடிங்க."

அன்று மாலை வரை மிதிவண்டி இருக்கையில் தாளை வைத்து, வீடு வீடாக முறையீடுகளை எழுதினீர்கள். எவரிடமும் எல்லை கேட்கவில்லை. நான் மனம் பறிகொடுத்தது அந்த மனிதரிடம்தான்.

நமக்குள் பேச வேண்டியவை காத்திருக்கட்டும். அவளால் காத்திருக்க இயலாது. மடலைப் படித்த கையோடு புறப்பட்டு வாருங்கள். அவள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். இன்றே வழக்கைப் பதிவு செய்யுங்கள்!

இன்னும் உங்கள்,
துணைவி