கேள்வி கேட்டபின் வரும் மௌனம்

இன்று காலை மழையில் நனைந்து வந்த பிள்ளைகள் ஸ்வெட்டர்களைக் கழற்றி ஜன்னல் கம்பியில் காயப்போட்டார்கள். ஈரக் கம்பளி வாடை வகுப்பு முழுக்கப் பரவியது. உங்களை நினைத்துக்கொண்டேன், டீச்சர். என் வகுப்பின் கடைசி பெஞ்சில் நீங்கள் வந்து உட்கார்ந்த அன்றும் இதே வாடைதான்.

எமரால்டு ஊர்ப் பள்ளியில் நான் ஆறாம் வகுப்புக்கு ஆசிரியை, நீங்கள் பக்கத்து வகுப்புக்கு. தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து வரும் சந்தியா என் வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். இவளுக்குப் பாடம் ஏறாது, வேறு பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்று தலைமையாசிரியருக்குக் கடிதமே எழுதிவிட்டேன். கொடுப்பதற்கு முன் உங்களிடம் காட்டினேன். படித்துவிட்டு, “ஏனுங்க டீச்சர், ஒரு பீரியடு நான் வந்து உக்காந்துக்கட்டுங்களா?” என்று மட்டும் கேட்டீர்கள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான் சொன்னீர்கள். “கேள்வியெல்லாம் நல்லாத்தானுங்க கேக்கறீங்க. ஆனா அந்தப் புள்ள வாயத் தொறக்கறதுக்குள்ள பதிலயும் நீங்களே சொல்லிப்போடறீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் உங்களோடு சேர்ந்து சாப்பிடவில்லை. ஆனால் அதன்பின் வகுப்பில் என் குரல் எனக்கே கேட்கத் தொடங்கிவிட்டது. எவ்வளவு பேசுகிறேன்!

அந்த வெள்ளிக்கிழமை, “தேயிலைச் செடிய ஏன் இடுப்பு உயரத்துக்கு மேல வளரவிடறதில்ல?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன். வழக்கமாகக் கை தூக்கும் மூவரையும் பொறுக்கச் சொன்னேன். யாரும் பேசவில்லை. பதில் என் நாக்கு நுனியில் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். சந்தியா மெல்ல எழுந்தாள்.

“பறிக்கறதுக்குத்தான் டீச்சர். வெட்டாம விட்டா மரமாயிரும். எங்க ஊட்டுக்குப் பின்னால ஒண்ணு மரமாவே நிக்குது. எங்கம்மாளுக்கு எட்டாது.”

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. கடிதத்தைக் கிழித்துவிட்டு நேராக உங்கள் வகுப்புக்குத்தான் வந்தேன். “நான் கோவிச்சுக்கிட்டது தப்புங்க டீச்சர்” என்றேன். “அது கெடக்குதுங்க. அவ என்ன சொன்னா, அதச் சொல்லுங்க மொதல்ல” என்றீர்கள்.

அடுத்த வருடம் நீங்கள் படுத்துவிட்டீர்கள், பிறகு எழவேயில்லை. தப்பு என்ற அந்த வார்த்தையை அன்றே சொல்லிவிட்டேன் என்பதில் இன்றும் எனக்கு நெஞ்சு லேசாகிறது. சந்தியா இப்போது எட்டாம் வகுப்பு. கேள்வி கேட்டே என்னைத் திணறடிக்கிறாள். இவளைத்தான் வேறு பள்ளிக்கு அனுப்பப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் உங்களை நான் பார்க்க வந்தபோதும் நீங்கள் வகுப்பைப் பற்றித்தான் பேசினீர்கள். “தப்பான பதில் வந்தா ஒடனே அழிச்சுப்போடாதீங்க. எப்படி வந்துச்சுன்னு கேளுங்க.”

இன்று கணக்குப் பாடத்தில் ஒருத்தி அரையையும் காலையும் கூட்டி, ஆறில் இரண்டு என்றாள். முன்பென்றால் அடுத்தவளைக் கேட்டிருப்பேன். “எப்படிக் கண்ணு வந்துச்சு?” என்றேன். கரும்பலகையில் மேலே ஒரு கூட்டல், கீழே ஒரு கூட்டல் போட்டுக் காட்டினாள். பக்கத்தில் ஒரு ரொட்டி வரைந்து கோடு போட்டவள் பாதியில் நின்றாள். “டீச்சர், கூட்டுனா அரையவிடக் கொறஞ்சுபோச்சே!” என்று தானே சிரித்தாள், தானே அழித்தாள்.

நான் ஒன்றும் சொல்லாமல் ஓரமாக நின்றிருந்தேன். அப்படி நிற்க எனக்கு வந்துவிட்டது, டீச்சர்.