பாதியில் எழக் கூடாத வீடு

ஜூன் 9, திங்கள்

ஏற்றுமதி ஆபீஸில் நாள் முழுக்க ஷிப்பிங் பில். தீப்பெட்டி, முருங்கைப் பொடி, மறுபடி தீப்பெட்டி. முத்தையாபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து வீட்டுக்குள் நுழைந்தால் குழம்பு அடிப்பிடித்த வாடை. அம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் போன். அதில் எங்கேயோ ஒரு கப்பல் எரிந்துகொண்டிருந்தது.

"பிரைட்டன் கப்பல் இல்லம்மா," என்றேன், செருப்பைக் கழற்றும் முன்பே.

"தெரியும். இது வேற நிறம்."

தெரிந்தும் பார்க்கிறாள். அண்ணன் பிரைட்டன் ஃபிட்டராகக் கப்பல் ஏறியதிலிருந்து அம்மாவின் போனில் கடல் என்றால் தீ, தீ இல்லாவிட்டால் பிணம்.

குழம்பை வேறு சட்டிக்கு மாற்றினேன். கரிந்த ருசி போகவில்லை. சாப்பிட்டோம்.

ஜூன் 11, புதன்

இன்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். ஒவ்வொரு வீடியோவையும் அம்மா கடைசி வரை பார்க்கிறாள். முடிந்ததும் சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டு, இறந்தவர்களுக்கான இளைப்பாற்றி ஜெபத்தை முணுமுணுக்கிறாள். அதற்குப் பிறகுதான் விரல் நகர்கிறது. அடுத்தது. மறுபடி முக்காடு.

"முழுசாப் பாத்தா, உனக்கு இதுதான் பிடிச்சிருக்குன்னு நினைச்சு அது மேல மேல அனுப்பும்மா."

"அதுன்னா யாரு?"

பி.காம். படித்திருக்கிறேன். பாடத்தில் இது இல்லை.

"ஏளா, துட்டி கேக்கப் போன சாவு வீட்டுல, பாதியில எந்திச்சு வருவாகளா?"

"இது வீடு இல்லம்மா. போன்."

"செத்தது மனுசன்தானே. நான் இன்னொருத்தி மவனுக்கு வேண்டுனா, என் மவனுக்கு எவளாவது வேண்டுவா. நீ போய்க் கையக் கழுவு."

அந்த இயந்திரம் அம்மாவை என்னவென்று நினைத்திருக்கும்? சாவை ஆசையாகப் பார்க்கிறவள் என்றா?

ஜூன் 12, வியாழன்

அம்மா தூங்கவில்லை. அதனால் நானும்.

ஜூன் 17, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் முத்துச்செல்வம் அண்ணன் போனைக் கொண்டுவந்து என் டிபன் டப்பாவுக்கு மேலேயே நீட்டினார். "ஏளா ஜெனிஸ், இதப் பாத்தியா?" பார்த்தேன். இடிபாட்டுக்குள் ஒரு குழந்தை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, எப்போதும்போல. மீதிச் சோற்றைக் காக்காய்க்கு வைத்துவிட்டேன்.

அம்மாவைச் சொல்கிறேனே, நான் மட்டும்? பஸ்ஸில் நானும் போனைத் தள்ளிக்கொண்டேதான் வருகிறேன். வெள்ளம், குண்டு, ஒரு நாய்க்குட்டி, அழுகிற ஒருவர், சேலை விளம்பரம். எதிலும் நிற்பதில்லை. முக்காடும் இல்லை, ஜெபமும் இல்லை. இறங்கும்போது தலை மட்டும் கனக்கிறது.

பிரைட்டன் கூப்பிட்டான். "அம்மாகிட்டச் சொல்லு, இங்கன எந்தச் சண்டையும் இல்ல. இருக்கிற ஒரே ஆபத்து கப்பல்ல வைக்கிற சாம்பார்தான்." சிரித்தேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நம்மளுக்காகச் சொல்லுதான்," என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

அம்மாவுக்குத் தலைசுற்றல். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூக்கம் இல்லை, சாப்பாடும் இல்லை, பிறகென்ன?

அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்தேன். செய்திப் பக்கம் ஒவ்வொன்றையும் நீக்கினேன். வந்த வீடியோ எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' அழுத்தினேன். சமையலாகத் தேடித் தேடி ஓடவிட்டேன். வாட்ஸ்அப் குழுக்களையும் சத்தம் வராமல் அடைத்து, கண்ணில் படாமல் உள்ளே தள்ளிவிட்டேன். எங்கள் பழைய தெருவின் கோயில் குழு வந்தபோது கொஞ்சம் தயங்கினேன். ஆனால் அதில்தான் மாலை போட்ட படம் அதிகமாக வரும். அதையும் தள்ளினேன்.

குளித்துவிட்டு வந்து, "என்ன செய்த?" என்றாள். "சார்ஜ் போட்டேன்."

ஜூன் 26, வியாழன்

அம்மா நேற்று விடியும்வரை தூங்கினாள்! இன்று கருவாட்டுக் குழம்பு, கரியாமல். "ஒரு சீனாக்காரி முட்டைக்கோஸ் அறுக்கா பாரு, மெசின் தோத்துரும்," என்று கூப்பிட்டுக் காட்டினாள். "ஊர் உலகத்துல இப்ப சண்டை எல்லாம் நின்னுட்டு போல."

ஆமாம் என்றேன். படித்ததற்கு ஒரு பிரயோஜனம்.

ஜூலை 5, சனி

எப்படி எழுத?

காலையில் மீன் வாங்க டவுனுக்குப் போன அம்மா, மதியம் தாண்டி வந்தாள். மீன் பையைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாடை அடிக்க ஆரம்பித்தது. நான்தான் எடுத்துக் கழுவினேன். பிறகுதான் சொன்னாள்.

பழைய தெரு பிளாரன்ஸ் அத்தையின் வீட்டுக்காரர், ஜெஸ்டின் மாமா, போன வாரம் இறந்துவிட்டார். அடக்கமும் முடிந்துவிட்டது. கோயில் குழுவில் போட்டாயிற்றே என்று யாரும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. மீன்கடையில் யாரோ சொல்லி, அம்மா மீன் பையோடு அங்கே ஓடியிருக்கிறாள். அத்தை அழவில்லையாம். ஏறிட்டுப் பார்த்து ஒன்றுதான் கேட்டாளாம்:

"போனுக்குள்ள சாவுறவனுக்கெல்லாம் அழுதியே. என் வீட்டுக்கு வர உனக்கு வழி தெரியலையா?"

அப்பா இறந்தபோது பிளாரன்ஸ் அத்தைதான் எங்கள் வீட்டில் படுத்துக் கிடந்தாள். அம்மாவின் வாயில் கஞ்சி ஊற்றியது அவள். வாடகை குறைவென்று நாங்கள் முத்தையாபுரம் வந்தபோது, பஸ் நிறுத்தம் வரை பாத்திரம் சுமந்து வந்ததும் அவள்.

அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. "எனக்கு எப்படி வராமப் போச்சு?" என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

நான் கழுவிய மீனை மறுபடி கழுவினேன்.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில், நான்தான் குழுவை அடைத்தேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"படிச்ச பிள்ளைன்னு நம்பித்தானே போனை விட்டுட்டுக் குளிக்கப் போனேன்."

அவ்வளவுதான். பிறகு எனக்கு முன்னால் நடந்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

போனையும் தொடவில்லை. என்னோடும் பேசவில்லை. சீனாக்காரியும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

அத்தை வீட்டுக்குப் போனோம். அம்மா வர மாட்டேன் என்றாள். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?" நான்தான் கையைப் பிடித்து இழுத்துப்போனேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போன வாக்கியம் ஒன்றும் அங்கே வரவில்லை.

வாசலிலேயே நின்றோம். அத்தை உள்ளே, மாமா படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, அம்மா மேல தப்பில்ல. நான்தான் குழுவ அடைச்சேன். அம்மாவுக்குத் தெரியாது. அம்மா தூங்காம... கீழ விழப் பாத்தா... நான்தான்." துக்கத்துக்கு வந்திருந்த எல்லாரும் பார்த்தார்கள். காது சுட்டது.

அத்தை என் பக்கம் திரும்பினாள். "அம்மாவுக்குத் துக்கம் வரக்கூடாதுன்னு அடைச்சியாக்கும்? என் துக்கத்தையும் சேத்து?"

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

"கிறுக்கச்சி," என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீ என்ன வாசல்ல நிக்க? கடன் கேக்க வந்தவ மாதிரி. வா இங்கன."

அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். அத்தை முதலிலிருந்து சொன்னாள். மாமா காலையில் சட்டைப் பித்தான் தைக்கச் சொன்னது, நெஞ்சைத் தடவியது, ஆட்டோ வர நேரமானது. அம்மா தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. முடிந்ததும் முக்காடு போட்டுக்கொண்டாள். கூடவே அத்தையும்.

அந்தப் பித்தான் இன்னும் தைக்கவில்லையாம்.

ஜூலை 21, திங்கள்

அம்மா போனை என் முன்னால் வைத்தாள். "கோயில் குழுவ மட்டும் போடு. சத்தத்தோட."

"மத்ததெல்லாம்?"

"வேண்டாம்."

அதோடு விடாமல் கேட்டேன். "அப்ப அந்தக் கப்பல்காரங்க? அவுகளுக்கு யாரு வேண்டுவா?"

அம்மா பூண்டு உரித்துக்கொண்டே இருந்தாள். "எல்லா வீட்டுக்கும் ஒருத்தியே போய் உக்கார முடியுமாளா?"

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா திருவிழா. ஊரே கோயில் பக்கம். துக்க வீடென்று அத்தை வெளியே வரவில்லை. அம்மாவும் சப்பரம் பார்க்கவில்லை. அத்தை வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முத்துச்செல்வம் அண்ணன் போனை நீட்டினார். "சாப்பிட்டுட்டு இருக்கேண்ணே," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன். அவர் 'சரிளா' என்று போய்விட்டார். இவ்வளவுதானா?

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. வழக்கம்போல் தள்ளிக்கொண்டே வந்தேன். ஏதோ ஒரு துறைமுகம். மொழி தெரியவில்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், கடலைப் பார்த்துக்கொண்டு. அழக்கூட இல்லை. விரல் நின்றது. கடைசி வரை பார்த்தேன்.

துப்பட்டாவைத் தலையில் இழுத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அக்கா, "வெயிலடிக்கா? ஜன்னலச் சாத்தவா?" என்றாள். இல்லை என்றேன். ஜெபம் பாதி மறந்திருந்தது. தெரிந்தவரை சொன்னேன்.

போனைப் பைக்குள் வைத்தேன். உப்பளம் வந்தது, போனது. மறுபடி எடுக்கவில்லை.