ஒரு கை உப்பு

செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள்.

பாப்பா இன்றும் கண் திறக்கவில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளையின் வாய்க்குள் அவ்வளவு பெரிய குழாய்.

காலையில் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். ரத்தத்தில் உப்பு இன்னும் அதிகமாகத்தான் இருக்கிறதாம். அவசரமாக இறக்கினால் மூளை வீங்கிவிடும், மெல்லத்தான் இறக்க வேண்டும் என்றார். பிறகு கேட்டார். "வயித்தால போனப்ப வீட்டுல உப்பு சர்க்கரைத் தண்ணி குடுத்திருக்கீங்க. யாரு கலந்தது?"

கலந்தது நான். வாலிநோக்கத்தில் பன்னிரண்டு வருடமாக உப்பளத்து வேலை. எங்கள் வீட்டில் உப்பை ஸ்பூனால் அளப்பதில்லை. பாத்தியிலிருந்து கொண்டுவந்த கல்லுப்பை ஒரு கை அள்ளிப் போட்டேன். பாப்பா முகத்தைத் திருப்பினாள். மடியில் இறுக்கிப் பிடித்துப் புகட்டினேன்.

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி முத்து, "நாந்தேன் சார் கலந்தேன்" என்று சொல்லிவிட்டாள். டாக்டர் அவளைத் திட்டினார். அவள் தலைகுனிந்து நின்றாள். நானும் பேசாமல் நின்றேன்.

வராந்தாவுக்கு வந்ததும், "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"உங்க மேல கோவப்பட்டு உள்ள விடாமப் போயிட்டா என்ன செய்ய? உங்க சத்தம் கேட்டாத்தேன் பிள்ள இமைய அசைக்குது."

நாளையும் உள்ளே போய் பாப்பாவிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காதருகில் குனிந்து எதைச் சொல்வேன்? 'குடிச்சிரு தாயி, சரியாப் போயிரும்' என்று அன்றைக்குச் சொன்னதும் இதே குரல்தான்.