வரிக்குக் காசில்லாத பக்கம்

மாப்ள,

உன் ஸ்டீல் ஸ்கேல் இன்று கிடைத்தது. மேசை இழுப்பறை ரொம்ப நாளாக முழுசாக மூடாமல் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் பின்னால் இது விழுந்து கிடக்கிறது. கோடுகள் பாதி தேய்ந்துவிட்டன. ஓரமெல்லாம் அச்சு மை ஏறிக் கறுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்ததும் நம் விளம்பரத்தின் மேல் இதை வைத்து அளப்பாயே! காசு வாங்கின அளவுக்கு இடம் விட்டிருக்கிறானா என்று பார்த்த பிறகுதான் உனக்கு டீ உள்ளே இறங்கும். நூல் அளவு குறைந்தாலும் ஏஜென்டைப் போனில் பிடித்துச் சண்டை. கோபம் முற்றினால் உங்கள் வீட்டு சௌராஷ்டிர பாஷைக்குத் தாவிவிடுவாய். போனில் இருக்கிறவருக்கும் புரியாது, எதிரே இருக்கிற எனக்கும் புரியாது. ஆனால் அவர் பயந்துவிடுவார்.

துடைத்து மேசைமேல் வைத்தேன். அப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை. நீ போன பிறகு உன்னிடம் பேசவேண்டியதை எல்லாம் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். உயிரோடு இருந்தபோது மட்டும் என்ன கிழித்தேன்!

கோச்சடையில் மாடியில் ஓர் அறை, ஒரு போன், இரண்டு நாற்காலி. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பழக்கத்தை மூலதனமாக வைத்து மனை விற்கக் கிளம்பிய இரண்டு கிறுக்குக் கோட்டிகள் நாம். தொண்ணூறுகளில் மதுரையில் மனை விற்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை பேப்பர்தான் குலசாமி. காலையில் விளம்பரம் வரும், போன் அடிக்கும், ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இடத்தைக் காட்டுவோம். சாயங்காலம் அதே பேப்பரில் பஜ்ஜி மடித்துக் கொடுத்துவிடுவான். அந்த ஒருநாள் வாழ்வுக்காக நீ வாரம் முழுக்க வாசகம் எழுதுவாய். சத்தமாகப் படிப்பாய். வரிக்குக் காசு என்பதால் 'அருமையான' போய் 'நல்ல' வரும். அப்புறம் அதுவும் போகும். கடைசியில் 'தொடர்புக்கு' என்று போட்டு உன் பேர், என் பேர் இரண்டையும் எழுதுவாய். நான் பேனாவைப் பிடுங்கி என் பேரை அடிப்பேன்.

"இடம் இல்லடா. ஒரு வரி மிச்சமாகும்ல?"

"எனக்கு மட்டும் எங்கிருந்துடா இடம் வந்துச்சு?"

"நீ போன் எடுக்கிறவன். நான் காட்டுல மேட்டுல அலையிறவன். என் பேரு எதுக்கு மாப்ள?"

முறைப்பாய். அப்புறம் விட்டுவிடுவாய்.

இடம் வெறும் சாக்கு. அது உனக்கும் தெரியும். நாம் நிலம் வாங்கியதெல்லாம் உசிலம்பட்டி, எழுமலைப் பக்கத்து மானாவாரிக் காடுகள். என் ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஊர் என்று வாய் சொல்கிறது. ஊருக்கு வெளியே இருக்கிற காலனி. நமக்கு நிலம் விற்றவர்களின் காட்டில்தான் எங்கள் ஆட்கள் காலங்காலமாகக் கூலிக்குப் போனார்கள். நான் சின்ன வயசிலேயே மதுரை விடுதிக்கு வந்துவிட்டதால் என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது. பேண்ட் சட்டையில் போய் நின்றால், "மதுரைத் தம்பி, வாங்க" என்று நாற்காலி போடுவார்கள். "சொந்த ஊரே மதுரைதானா?" என்பார்கள். "ஆமாங்க" என்பேன். அந்த 'ஆமாங்க'வில் என் பிழைப்பு ஓடியது. பேப்பரில் பேர் வந்து, எவராவது ஒருவர், "இது நம்ம பஞ்சவர்ணம் தம்பியில்ல?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது.

பஞ்சவர்ணம் என் அக்கா. அம்மா இல்லாத வீட்டில் களை எடுத்து, கதிர் அறுத்து என்னைப் படிக்கவைத்தவள். நீ அவள் வீட்டில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கம்மங்கூழ் குடித்துவிட்டு, "அக்கா, இன்னும் கொஞ்சம்" என்று செம்பை நீட்டியவன். அவளுக்கு நான் தம்பி என்றால், நீ 'அந்தத் தம்பி'.

அந்தப் பருத்திக்காட்டை நீ மறந்திருக்கமாட்டாய். காட்டுக்காரப் பெரியவர் குடையைப் பிடித்துக்கொண்டு நமக்கு எல்லைக்கல்லைக் காட்டிக்கொண்டு வந்தார். வரப்பு திரும்பினால் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுக்கிறார்கள். மூன்றாவது ஆள் அக்கா. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பக்கத்தில் பெரியவரைப் பார்த்தாள். அடுத்த கணம் தலையில் கட்டியிருந்த துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக் குனிந்துவிட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகச் செய்தாள். நான் என்ன செய்தேன்? "கிணத்துல எம்புட்டு ஆழம் தண்ணி கிடக்கு?" என்று பெரியவரிடம் கேட்டேன். நீ அவளையே பார்த்துக்கொண்டு நின்றாய். திரும்பி வரும்போது வண்டியில் நீ வாயே திறக்கவில்லை. உன்னைப் போன்ற ஓட்டைவாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்தது. ஊரெல்லாம் பிரவுசிங் சென்டர் முளைத்தது. பேப்பர் விளம்பரத்தை வரி வரியாகச் செதுக்கின நீதான் அதை முதலில் தூக்கிப்போடத் துணிந்தாய். ஷார்ஜாவில் இருக்கிற உன் சொந்தக்காரர் ஒருவர், "அங்க மனை இருக்குன்னு எங்களுக்கு யாரு சொல்றா?" என்று கேட்டதுதான் ஆரம்பம். பைபாஸ் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஓர் அம்மாவைப் பிடித்து நமக்கென்று ஓர் இணையதளம் போட்டாய். இடத்தின் படம், வரைபடம், பஸ் எத்தனை மணிக்கு, கிணறு எந்தப் பக்கம் என்று எல்லாம் ஏற்றினாய். முதல் ஈமெயில் சிங்கப்பூரிலிருந்து வந்த அன்று மாடியில் நின்று விசில் அடித்தாய். கீழ்க்கடைக்காரர் நம் இருவருக்கும் பைத்தியம் என்று முடிவு கட்டினார்.

"மாப்ள, எம்புட்டு வேணாலும் எழுதலாம்டா! வரிக்குக் காசு கிடையாது! 'அருமையான'ன்னு பத்துத் தடவை போடுவேன், எவன் கேப்பான்?"

உன் சந்தோஷத்தில் என்னால் சேர முடியவில்லை. என் சாக்குக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தைத் திறந்தாய். மேலே என் படம். கீழே உன் படம். எனக்குக் கீழே நீ எழுதியிருந்தது எனக்கு இன்றும் ஒரு சொல் விடாமல் மனப்பாடம்: 'எழுமலைக்குப் பக்கத்தில் பிறந்தவர். கூலி வேலை பார்த்துத் தன்னைப் படிக்கவைத்த அக்கா பஞ்சவர்ணத்தின் தம்பி. இந்த மண்ணைப் பற்றி இவர் சொன்னால் நாங்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை.'

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், பரிசு கொடுத்தவன் பார்க்கிற மாதிரி. எனக்குக் காது சுட்டது.

"யாருட்டடா கேட்டுப் போட்ட? கூலிக்காரி தம்பின்னு ஊரு பூரா தமுக்கு அடிக்கிறியா?"

"இதுல என்னடா அசிங்கம்?"

"நீ பட்டுச்சேலை யாவாரி வீட்டுப் பிள்ளை. உன் படத்தைப் போட்டா மாலை விழும். எனக்கு என்ன விழும்னு உனக்குத் தெரியுமா? அந்தப் பெரியவரு மகன் பெங்களூருல கம்ப்யூட்டர் வேலைல இருக்கான். நாளைக்கே பாப்பான். அப்புறம் எவன்டா நமக்கு நிலம் தருவான்?"

நீ கத்துவாய் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அன்னைக்குப் பருத்திக்காட்டுல அக்கா மூஞ்சிய மூடுச்சே, நீ மறந்துட்ட. என்னால முடியல மாப்ள."

என் பயம் பொய் இல்லை; அதை இன்றும் சொல்வேன். நிலம் கைவிட்டுப்போகும் என்பது நிஜம். ஆனால் மறுநாள் காலையில் உனக்குத் தெரியாமல் சென்டருக்குப் போய், "அண்ணன் எடுக்கச் சொல்லிட்டாரு" என்று உன்மேல் பழியைப் போட்டு அந்த அம்மாவிடம் சொல்லி என் படத்தையும் வாசகத்தையும் எடுக்கவைத்தேனே, அது பயத்தில் மட்டும் செய்தது இல்லை. அந்த வரிகளை என் கண்ணாலேயே பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சோறு போட்டவள் பேர் எனக்குக் கூச்சம்! சே.

நான் அதை எடுக்கவைக்கும் முன்பே நீ அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாய் என்பது எனக்கு எப்படித் தெரியும்? உசிலம்பட்டிச் சந்தைக்கு வந்த நாளில், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு, அக்கா அங்கிருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறாள். நீ எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டைக் காட்டியதும் சென்டர்க்காரன் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறான். உன் படம் இருக்கிறது. எனக்கு உண்டான இடத்தில் வெள்ளையாக இருக்கிறது.

பூத்திலிருந்து நம் ஆபீசுக்குப் போன் செய்தாள். நீதான் எடுத்தாய். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா! பாத்தியாக்கா? ... என்னது? ... நல்லாப் பாத்தியா? ... அப்படியா." உன் கண் என் பக்கம் திரும்பியது. பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி என்னைப் படித்துவிட்டாய். குரலை மட்டும் மாற்றவே இல்லை. "அது ஒண்ணுமில்லக்கா, கோளாறு. இந்த நெட்டு அப்படித்தான், ஒரு படம் வரும், ஒரு படம் வராது. உன் தம்பி இருக்கான்க்கா. கண்டிப்பா இருக்கான். இன்னொரு நாள் பாப்போம், என்ன?"

போனை வைத்துவிட்டுக் கைகழுவப் போனாய். வெகுநேரம் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்ததும், "என்ன கேட்டுச்சு?" என்றேன்.

"'உங்க போட்டோ நல்லா இருக்குய்யா, எந்தம்பி எங்க?'ன்னு கேட்டுச்சு."

அவ்வளவுதான் சொன்னாய். வண்டை வண்டையாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பக்கத்தில் உன் படமும் இல்லை. தலைவாரி, பவுடர் போட்டு, ஸ்டூடியோவில் மூன்று முறை எடுக்கவைத்த படம். உன் வீட்டுக்காரம்மா என்னிடமே கேட்டார்கள், ஏன் எடுத்துவிட்டார் என்று. உன்னைக் கேட்டதற்கு, "ரெண்டு பேரும் இருந்தா இருப்போம். இல்லன்னா போன் நம்பர் போதும்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய்.

எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம் என்று துள்ளினாயே, அந்தப் பக்கத்தில் கடைசிவரை ஒரு போன் நம்பர்தான் இருந்தது. பேப்பரில் விளம்பரம் கொடுப்பதை நிறுத்தினோம். துபாய், மலேசியா என்று ஆட்கள் வந்தார்கள். நல்ல பெயரும் வந்தது. ஒரு போன் செய்து, "என் படத்தைப் போடுங்கம்மா" என்று சொல்ல எனக்கு எத்தனை வருஷம் இருந்தது! சொல்லவில்லை. நீ ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை. பழையபடியே கிண்டல், பழையபடியே டீ. அதுதான் மாப்ள என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. சர்க்கரை உன் காலைத் தின்று, கிட்னியைத் தின்று, ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, "சைட்டுக்கு யாராச்சும் எழுதினாங்களா?" என்றுதான் கேட்டாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

போன வாரம் நடந்ததை நீ கேள்.

அந்தப் பெரியவர் தவறிவிட்டார். பெங்களூர் மகன் ஆபீசுக்கு வந்தான். அப்பா விற்காமல் வைத்திருந்த மீதிப் பருத்திக்காட்டை விற்கவேண்டுமாம். நாற்காலி போட்டேன், டீ சொன்னேன்.

"உங்க வெப்சைட்டைப் பாத்துட்டுதான் சார் வந்தேன். எல்லாம் நல்லா இருக்கு. 'எங்களைப் பற்றி'ன்னு ஒரு பக்கம், உள்ள போனா ஒரு நம்பர்தான் இருக்கு. யாரு என்னன்னு தெரியாம எப்படி சார் நம்புறது? நீங்க எந்த ஊரு?"

'ஆமாங்க' போதாத கேள்வி. மதுரை என்று சொல்லியிருக்கலாம். வாய் அதற்குத்தான் பழகியிருந்தது. எதிரே உன் நாற்காலி காலியாக இருந்தது.

"எழுமலைக்குப் பக்கத்துலதாங்க. உங்க பருத்திக்காட்டுல களை எடுத்துச்சே, பஞ்சவர்ணம், அந்த அக்காவோட தம்பி நான்."

அவன் டீ கிளாஸைப் பார்த்தான். "ஓ, அப்படிங்களா" என்றான். கொஞ்ச நேரம் போனை எடுத்து நோண்டினான். "தம்பிட்ட கலந்துட்டுச் சொல்றேன்" என்று எழுந்தான். பாதி டீ அப்படியே இருந்தது. போன் வரவில்லை. உசிலம்பட்டியில் வேறொருத்தரிடம் பேசிக்கொண்டிருப்பதாக நேற்று கேள்விப்பட்டேன்.

இதை வீரம் என்று உன்னிடம் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் இல்லை. நீ இருந்தபோது சொல்லியிருந்தால் உன் படமாவது அந்தப் பக்கத்தில் இருந்திருக்கும். அக்காவிடம் மட்டும் சொல்லவேண்டும் என்று தோன்றியது. போன் செய்தேன்.

"கிறுக்காடா ஒனக்கு? இம்புட்டு வருசம் கம்முனு இருந்துட்டு இப்ப எதுக்குச் சொன்ன? நெலம் போச்சா?"

"போச்சுக்கா."

"போச்சுல்ல? நல்லா வேணும்."

போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"என் பேரையா சொன்ன?"

"ஆமாக்கா."

"பேரு சொல்லி? அவன் மூஞ்சியப் பாத்து?"

"ஆமா."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எங்க, அவன்ட்ட எப்படிச் சொன்னியோ, அதே மாதிரி எனக்கு இன்னொருக்கச் சொல்லு."

எழுந்து நின்று சொன்னேன், மாப்ள.