வத்தலக்குண்டில் தஹ்சீன் படித்த பெயர்

அன்பு மகன் அஸ்பாக்குக்கு உன் அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், உன் மனைவி ஹாஃபிஸாவும் மகள் தஹ்சீனும் சுகம், தோஹா வெயிலில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, தோல் மண்டியில் வியாபாரம் மந்தம்தான். தினமும் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்கு ஆபரேஷன் செய்து, காதுக்குப் பின்னால் மிஷின் மாட்டிய கையோடு நீ விமானம் ஏறிவிட்டாய். மிஷின் வந்தால் பேச்சும் வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். சத்தம் மட்டும்தான் கேட்கும், அதை வார்த்தையாக்குவது வீட்டில் இருப்பவர்கள் கையில் இருக்கிறது என்று மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னதை ஹாஃபிஸா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வெங்காயம் உரித்தால், "தோலு காஞ்சிருக்கு, உள்ள பாரு, ஈரமா இருக்கு" என்பாள். துவைத்த சட்டையைப் பிள்ளையின் கன்னத்தில் வைத்து, "இதுவும் ஈரம்" என்பாள். மழை விட்டதும் வாசல் மண்ணைத் தொடவைத்து அதே வார்த்தையைச் சொல்வாள். பக்கத்து வீட்டுக் குர்ஷித் பேகம், "ஏம்மா, நாள் பூரா பேசுறே, பதிலையே காணோமே" என்று கேட்டதற்கு, "வரும் மாமி, இப்பத்தான் உள்ள போயிக்கிட்டிருக்கு" என்று சிரித்தாள். பல மாதம் வரவில்லை மகனே. ஒருநாள் நான் தொழுகைக்கு முகம், கை கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்தபோது தஹ்சீன் என் தாடியைத் தொட்டுப் பார்த்து, "ஈரம்" என்றாள். தாடியைக் காட்டி அந்த வார்த்தையை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் உடனே ஹாஃபிஸாவைக் கூப்பிட்டேன்.

எழுத்தும் இப்படித்தான் வந்தது. பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் ஹாஃபிஸா ஒவ்வொரு பஸ் முன்னாலும் அவளை நிறுத்திப் பெயர்ப்பலகையை விரலால் காட்டி வாசிப்பாள். "நத்தம் பஸ் போர்டுல வர்ற 'த'தான் தஹ்சீன்லயும் வருது, பாத்தியா" என்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டில் ஒரு நிக்காஹ். திரும்பும்போது பஸ் நிலையத்தில், கொடைக்கானல் வண்டியைப் பிடிக்க ஓடிய கூட்டம் எங்கள் நடுவில் புகுந்ததில் ஹாஃபிஸாவின் கையிலிருந்து பிள்ளை நழுவிவிட்டது. குனிந்து பார்த்தால் காலடியில் மிஷின் கிடக்கிறது. அது இல்லாவிட்டால் பஸ் ஹாரன்கூட அவளுக்குக் கேட்காதே. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பயனில்லை என்று தெரிந்தே கூப்பிட்டுக்கொண்டு ஓடினோம். கடைசியில் ஒரு பஸ் முன்னால் ஒரு பூக்காரம்மா அவள் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தார். "பேரு கேட்டா பதிலு இல்ல, இந்த வண்டிய விட்டு நகரவும் மாட்டேங்குது" என்றார். ஹாஃபிஸா மிஷினை மாட்டிவிட்டு, இங்கே எப்படி வந்தாய் என்று கேட்டாள். பிள்ளை பலகையைக் காட்டி மெதுவாகப் படித்தது, "திண்... டுக்... கல். நம்ம ஊரு. அம்மா வரும்."

எத்தனை வருஷமாக அந்தப் பலகையைப் பார்த்து நான் பஸ் ஏறுகிறேன். அத்தனை கால்களுக்கு நடுவில், ஒரு சத்தமும் இல்லாத இடத்தில், அந்த எழுத்துகளை நம்பி ஒரு பிள்ளை நின்றிருக்கிறது என்றால் படிப்பு என்பது என்ன என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஹாஃபிஸா அழவும் இல்லை, அதட்டவும் இல்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, "நீ தொலைஞ்சு போயிட்டே, நான் தேடினேன், நீ கெடச்சிட்டே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள். செம்பட்டி தாண்டும்போது பிள்ளை, "கெடச்சிட்டேன்" என்றது. அதற்குப் பிறகுதான் ஹாஃபிஸா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வீடியோவில் வந்தால் மகளுக்குக் கையசைத்துவிட்டு ஹாஃபிஸாவிடம் பேசப் போய்விடுகிறாய். கேட்காத நாளில் வந்த பழக்கம், குறையாகச் சொல்லவில்லை. இனி அவளிடம் பேசு. சோற்றுக்கு என்ன வெஞ்சனம் வைத்தாய், அறையில் யார் இருக்கிறார்கள் என்று எதையாவது சொல்லு. உன் அறைக்குப் பக்கத்தில் கடல் இருக்கிறது என்றாயே, அதைக் காட்டிப் பேசு. கடல் என்ற வார்த்தை அவளிடம் இன்னும் இல்லை. அதை நீதான் கொடுக்க வேண்டும்.

உன் அன்பு அத்தா,
சனாவுல்லா
பேகம்பூர், திண்டுக்கல்